பூமாதேவி குற்றவாளி அல்ல

பூமி எங்கேயாவது அசைந்தால் மறுநாள் காலையில் பத்திரிகைகளுக்கு ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது: ‘இயற்கை சீறியது.’ பத்திரிகை படிக்காதவர்களிடம் வேறொரு வாக்கியம் இருக்கிறது: ‘பூமாதேவி பொறுமை இழந்துவிட்டாள்.’ கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் இன்னும் ஒரு படி மேலே போய், “பாவம் பெருத்துப் போச்சு, வேறென்ன?” என்கிறார். இந்த மூன்றும் ஒன்றே என்பது என் கட்சி. முதலாவது வாக்கியம் சட்டையும் கால்சட்டையும் மாட்டியிருக்கிறது. இரண்டாவது புடவை கட்டியிருக்கிறது. மூன்றாவது விபூதி பூசியிருக்கிறது. வேஷந்தான் வேறு. மூன்றும் சேர்ந்து செய்கிற காரியம், உண்மையான குற்றவாளியைக் கொல்லைப்புற வழியாகத் தப்ப விடுவது.

அந்தக் குற்றவாளி யார் என்று சொல்வதற்கு முன்னால், இத்தனை காலமாகக் கூண்டில் நிற்க வைக்கப்பட்டிருக்கும் பூமாதேவிக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. நான் விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஒரு சாவுக்கு யார் காரணம் என்பதை எப்படிச் சொல்கிறோமோ, அப்படித்தான் படிக்கிறவன் மனத்தில் நீதியும் அநீதியும் படிகின்றன.

பழைய கதைகளோடு எனக்குச் சண்டை இல்லை. ஆதிசேஷன் தன் ஆயிரம் தலைகளில் பூமியைத் தாங்குகிறான், ஒரு தலை வலித்தால் மறு தலைக்கு மாற்றுகிறான், அப்போது பூமி ஆடுகிறது என்று பாட்டிமார்கள் சொன்னார்கள். ஜப்பானியப் பாட்டிமார்கள் பூமிக்கு அடியில் ஒரு பெரிய கெளுத்தி மீன் புரளுவதாகச் சொன்னார்கள். இந்தக் கதைகளைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பாட்டி பாரத்தைப் பற்றிப் பேசினாள். பாவத்தைப் பற்றிப் பேசவில்லை. பூமிக்கு அடியில் ஏதோ ஒன்று சுமை தாங்காமல் இடம் மாறுகிறது என்பது அவளுடைய ஊகம். பின்னால் விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததற்கு அது ரொம்ப தூரத்தில் இல்லை. ‘தண்டனை’ என்று சொன்னவர்கள் அவளைவிடப் படித்தவர்கள்.

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் நாம் எல்லோரும் கைகூப்பி வணங்கும் மனிதர் என்பதுதான் சங்கடம். 1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின் பீஹாரும் நேபாளமும் நடுங்கின. மாங்கீர், முஸாபர்பூர் முதலிய ஊர்கள் இடிந்து குவிந்தன. 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த நாட்களில் மகாத்மா காந்தி ஹரிஜன சேவைக்காகத் தென்னாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜனவரி 24-ந் தேதி நம் திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற மகாபாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையே பீஹார் பூகம்பம் என்று தாம் நம்புவதாகச் சொன்னார்.

இதைக் கேட்டுப் பதறிப் போனவர் ரவீந்திரநாத தாகூர். காந்திஜியிடம் அவருக்கு இருந்த மதிப்பும் அன்பும் உலகம் அறிந்தவை. தீண்டாமையை வெறுப்பதிலும் அவர் யாருக்கும் குறைந்தவர் அல்ல. இருந்தும் எழுதினார்: பௌதிக உலகத்தில் நடக்கும் நாசத்துக்குப் பௌதிகக் காரணங்கள்தாம் உண்டு, நம்முடைய பாவ புண்ணியங்களை அதோடு முடிச்சுப் போடக்கூடாது. இன்னொன்றும் சுட்டிக்காட்டினார். இந்த வாதத்தை ஒப்புக்கொண்டால், எதிர்க்கட்சிக்காரரான வைதிகரும் இதே பூகம்பத்தைக் காட்டி, ‘காந்தியும் அவருடைய சிஷ்யர்களும் தர்மத்தைக் கெடுத்ததனால் வந்த வினை’ என்று சொல்ல முடியுமே! காந்திஜி அந்தக் கடிதத்தை 1934 பிப்ரவரியில் தம்முடைய ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே வெளியிட்டார்; கூடவே, தம் நம்பிக்கை மாறவில்லை என்று பதிலும் எழுதினார். எதிராளியின் கடிதத்தைத் தம் செலவில் அச்சிட்ட பெருந்தன்மைக்கு நமஸ்காரம். ஆனால் வழக்கில் ஜயித்தவர் தாகூர்தான். தீண்டாமை மகாபாவம் என்பதற்குச் சாட்சி தேட மாங்கீருக்குப் போக வேண்டியதில்லை; எந்தக் கிராமத்துக் கிணற்றடிக்குப் போனாலும் அன்று சாட்சி கிடைத்திருக்கும். மாங்கீர்ச் சுவர்களோ ஜாதி கேட்டு விழவில்லை.

சரி, பூமி ஏன்தான் அசைகிறது?

நாம் நிற்கிற தரை ஒரே ஓடாக இல்லை. ஏழு பெரிய பாறைத் தட்டுகளும் பல சிறிய தட்டுகளும் சேர்ந்து பூமியைப் போர்த்தியிருக்கின்றன. அவை சும்மா இருப்பதில்லை. மிக மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. இந்தியாவைச் சுமக்கும் தட்டு வருஷத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது. ஒரு மாமாங்கத்துக்கு ஒரு முழத்துக்குச் சற்று அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி நகர்ந்து வந்துதான் சுமார் 5 கோடி வருஷங்களுக்கு முன் அது ஆசியாவில் மோதியது. மோதிய இடத்தில் எழுந்த மடிப்பே இமயமலை. மோதல் இன்னும் முடியவில்லை. நாம் ராமேசுவரத்தில் ஸ்நானம் செய்துகொண்டிருக்கும்போதும் ராமேசுவரம் வடக்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இமயமலையின் அடியில் இந்தியத் தட்டு உள்ளே நுழைய வேண்டும். ஆனால் பாறையும் பாறையும் உராய்ந்து பூட்டிக்கொண்டு நகர மறுக்கின்றன. பின்னாலிருந்து தள்ளுவது மட்டும் நிற்பதில்லை. வருஷத்துக்கு 2 சென்டிமீட்டர் அளவு நகர்ச்சி அங்கே மிச்சமாகிறது. நூறு வருஷத்தில் இரண்டு மீட்டர் பாக்கி. பாறை அதுவரைக்கும் மூங்கில் போல வளைந்து கொடுக்கிறது. ஒரு நாள் பூட்டு விட்டுப் போகிறது. வளைந்த மூங்கில் நிமிருகிறது. நூறு வருஷத்துப் பாக்கி ஒரே நிமிஷத்தில் வசூலாகிறது. அதற்குப் பெயர் பூகம்பம். 1906-ல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் பூமி அதிர்ந்தபோது, நேராகப் போட்டிருந்த வேலிகள் வெடிப்பைத் தாண்டும் இடத்தில் பல அடி விலகி நின்றன. அந்த வேலிகளையும் அதற்கு முன் பல வருஷங்கள் எடுத்திருந்த நில அளவைக் கணக்குகளையும் வைத்துத்தான் ரீட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1910-ல் இந்த உண்மையை விளக்கினார். கவனியுங்கள்: இந்தக் கணக்கில் வளைவு இருக்கிறது, உராய்வு இருக்கிறது, காலம் இருக்கிறது; கோபம் எங்கேயும் இல்லை.

பாதாளத்திலிருந்து, பூமியின் நடு வயிற்றிலிருந்து இந்த அதிர்ச்சி கிளம்புவதாகப் பலர் நினைக்கிறார்கள். பூமியின் மையம் நம் காலடியிலிருந்து 6,371 கிலோமீட்டர். மிக ஆழமான பூகம்பங்கள்கூட 700 கிலோமீட்டருக்குக் கீழே உற்பத்தியாவதில்லை. மனிதர்களைக் கொல்லும் பூகம்பங்களில் பெரும்பாலானவை 70 கிலோமீட்டருக்கு உட்பட்டவை. பல, பத்துப் பதினைந்து கிலோமீட்டரிலேயே தொடங்குகின்றன. பூமியின் உடம்பைப் பார்த்தால் அது தோல் சமாசாரந்தான்.

எங்கே உற்பத்தியாயிற்று என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இந்த வித்தைக்கு நம் தேசமும் ஒரு பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது. 1897-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி அஸ்ஸாமில், ஷில்லாங் மலைப்பிரதேசத்தில், மகா பூகம்பம் ஒன்று வந்தது. இந்தியப் பூகர்ப்ப இலாகாவில் வேலை பார்த்த ஓல்ட்ஹாம் என்பவர் அதை ஆராய்ந்தபோது, அதிர்ச்சி பல விதமான அலைகளாகப் பிரிந்து வருவதைக் கருவிகளின் கோடுகளில் கண்டார். முதல் அலை பாறையை அழுத்தி அழுத்தி வேகமாக வருகிறது. இரண்டாவது அலை பாறையைக் குலுக்கிக்கொண்டு சற்று நிதானமாக வருகிறது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணிப் பார்த்து மழை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று குழந்தைகள் சொல்வதில்லையா? அதே கணக்குத்தான். இரண்டு அலைக்கும் நடுவே ஒரு விநாடி என்றால் ஏறக்குறைய 8 கிலோமீட்டர். மூன்று ஊர்களில் மூன்று கருவிகள் இருந்தால் மூன்று வட்டங்கள் போட்டு, அவை சந்திக்கும் இடத்தில் விரலை வைத்துவிடலாம். பூகம்பத்துக்கு விலாசம் கிடைத்துவிடும்.

எந்தப் பிரதேசத்தில் வரும் என்பதையும் இப்படிச் சேர்த்த அறிவைக்கொண்டு ஓரளவு சொல்லலாம். எந்தத் தேதியில் வரும் என்று சொல்ல இன்றுவரை வழி இல்லை. 1975-ல் சீனாவில் ஹைசெங் என்ற இடத்தில் முன்னதிர்ச்சிகளைக் கண்டு ஜனங்களை வெளியேற்றினார்கள். பல உயிர்கள் பிழைத்தன. உலகம் கை தட்டியது. அடுத்த வருஷமே, 1976 ஜூலையில், டாங்ஷான் நகரத்தில் எச்சரிக்கை இல்லாமல் வந்த பூகம்பத்தில் சர்க்கார் கணக்குப்படியே 2,42,000 பேர் இறந்தார்கள். ஆகவே, கிரகங்கள் ஒரே ராசியில் கூடுவதைக் காட்டித் தேதி குறித்துக் கொடுக்கும் ஜோதிட சிகாமணிகளை நான் சட்டை செய்வதில்லை. தேதி தெரியாது என்பதனாலேயே, எந்தத் தேதியில் வந்தாலும் நிற்கும்படி வீட்டைக் கட்ட வேண்டும். என் வழக்கு முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஏனென்றால் பூமி அசைவதனால் மட்டும் மனிதன் சாவது அபூர்வம். வெட்டவெளியில் நிற்பவனைப் பூகம்பம் தடுமாற வைக்கும். விழுந்தால் முழங்கால் சிராய்க்கும். கொல்வது சுவர், கொல்வது கூரை. பூகம்பத்துக்கு விலாசம் பாதாளத்தில் இருக்கலாம். சாவுக்கு விலாசம் தெருவும் கதவிலக்கமுமாக நம் ஊரிலேயே இருக்கிறது.

1993-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி, விடிய இன்னும் நேரமிருந்தது. மகாராஷ்டிரத்தில் லாதூர் ஜில்லாவில் கில்லாரி கிராமமும் சுற்றுப்புறமும் பிள்ளையாரை நீரில் விட்டுவிட்டு வந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. நாலு மணிக்குச் சற்று முன் பூமி குலுங்கியது. அளவு 6.2. உலகத்தில் ஆறுக்கு மேற்பட்ட பூகம்பங்கள் ஒவ்வொரு வருஷமும் நூற்றுக்கு மேல் வருகின்றன. பெரும்பாலானவை நமக்குச் செய்தியாகக்கூட வருவதில்லை. கில்லாரியிலோ 8,000-த்திலிருந்து 10,000 பேர் வரை போய்விட்டார்கள். அந்த வீடுகளைப் பற்றிப் பின்னால் போய்ப் பார்த்த நிபுணர்கள் எழுதியதைப் படித்தால் வயிறு கலங்குகிறது. இரண்டு அடிக்குமேல் கனமான கல் சுவர். உள்பக்கக் கல்லையும் வெளிப்பக்கக் கல்லையும் பிணைக்கக் குறுக்குக்கல் கிடையாது. இடையே சாந்துக்குப் பதிலாக மண். மேலே மரம் பரப்பி அதன்மேல் கனமாக மண் கொட்டிய கூரை. வெயிலுக்கு அது நல்ல கூரை. குலுக்கலுக்கு அதுவே சமாதி.

அந்தக் குடியானவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு யார் சொன்னார்கள்? தக்காணப் பீடபூமி ஆதிகாலத்துப் பாறை, அசையவே அசையாது என்று பள்ளிக்கூடத்துப் பூகோளப் புஸ்தகம் சொல்லிற்று. சர்க்காரின் பூகம்பப் படத்தில் கில்லாரி மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்தது. இத்தனைக்கும் அதற்கு 26 வருஷங்களுக்கு முன்பே, 1967 டிசம்பரில், அதே மகாராஷ்டிரத்தில் கொய்னா அணைக்குப் பக்கத்தில் பூமி அதிர்ந்து 200 பேர் வரை இறந்திருந்தார்கள். அங்கே தேங்கிய நீர்தான் ஏற்கனவே அழுத்தம் ஏறியிருந்த பாறையைத் தூண்டிவிட்டது என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். தக்காணமும் அசையும் என்பதற்கு அதைவிடச் சத்தமான எச்சரிக்கை என்ன வேண்டும்? கேட்டவர்கள் குறிப்பெடுத்துக் கட்டி அலமாரியில் வைத்தார்கள். கில்லாரிக் கொத்தனாருக்கு ஒரு வார்த்தை போய்ச் சேரவில்லை. சுவருக்குக் குறுக்குக்கல் வை, ஜன்னல் தலைமட்டத்தில் வீட்டைச் சுற்றி ஒரு கான்கிரீட் பட்டை ஓட்டு என்று அவனுக்குச் சொல்ல எந்தச் சீற்றம் தடையாக இருந்தது?

கில்லாரி ஏழைகளின் கதை என்றால், அடுத்தது நம்மைப் போன்றவர்களின் கதை. 2001-ம் வருஷம் குடியரசு தினத்தன்று காலை குஜராத்தில் கச்சுப் பிரதேசம் அதிர்ந்தது. அஞ்சார் என்ற ஊரில் கொடி பிடித்துக்கொண்டு குறுகிய சந்து வழியே ஊர்வலம் போன பள்ளிக் குழந்தைகள் மேல் இரு பக்கத்து வீடுகளும் சரிந்தன. நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் ஆசிரியர்களோடு மாண்டார்கள். அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால், ஆமதாபாத்தில், நடுத்தர வர்க்கத்தார் கடன் வாங்கிக் குடியேறிய அடுக்கு மாடிக் கட்டடங்கள் பல விழுந்தன. ஏன்? கீழ்த்தளத்தில் கார் நிறுத்த வேண்டும் என்று சுவரே இல்லாமல் வெறும் தூண்களாக விட்டு, மேலே மாடி மாடியாகச் சுவர் எழுப்பியிருந்தார்கள். மேலே கனம், கீழே மெலிந்த கால்கள். குலுங்கியதும் முழங்கால் மடிந்தது. இந்த மாதிரி கட்டுவதானால் தூண்களைக் கூடுதல் பலத்தோடு கட்ட வேண்டும் என்பது பொறியியல் படித்தவர்களுக்குத் தெரியாத பரம ரகசியம் அல்ல.

‘அவ்வளவு பெரிய சக்திக்கு முன்னால் மனிதன் என்ன செய்ய முடியும்?’ என்று கேட்பவர்களுக்கு 2010-ம் வருஷத்தைக் காட்டுகிறேன். ஜனவரி 12-ந் தேதி ஹெயிட்டி நாட்டில் 7.0 அளவுள்ள பூகம்பம். இறந்தவர்கள் 1,00,000 பேருக்குக் குறையாது என்பார்கள். அந்த நாட்டுச் சர்க்கார் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு சொன்னது. பிப்ரவரி 27-ந் தேதி சிலி நாட்டில் 8.8 அளவுள்ள பூகம்பம். அளவைக்கு இது சிறிய வித்தியாசமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் சக்தி 500 மடங்கு. இறந்தவர்கள், கடல் பொங்கி வந்ததில் போனவர்களையும் சேர்த்து, 500-க்குச் சற்று அதிகம். ஹெயிட்டியில் அதிர்ச்சி தலைநகரத்தை ஒட்டியே உற்பத்தியாயிற்று, சிலியில் கடலோரத்தில் உற்பத்தியாயிற்று என்ற வித்தியாசம் உண்டு; மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வை அது விளக்கிவிடாது. 1960-ல் 9.5 அளவுள்ள அடி வாங்கிய தேசம் சிலி. கருவிகள் பதிவு செய்தவற்றில் அதுவே மிகப் பெரியது. அந்த நாடு கட்டட விதிகளை எழுதியது. எழுதியதைப் பெரும்பாலும் அமல் செய்தது. ஹெயிட்டி ஏழை நாடு. அங்கே விதியும் இல்லை, அமல் செய்ய ஆளும் இல்லை. இயற்கை இரண்டு இடத்திலும் தன் சுபாவப்படியே நடந்தது. மனிதர்கள்தாம் வேறு வேறு விதமாக நடந்தார்கள்.

விதி இருந்தும் விற்றுவிட்டவர்களின் கதையும் உண்டு. துருக்கியில் நல்ல கட்டட விதிகள் இருந்தன. 2018-ல், தேர்தலுக்கு முன்பாக, விதி மீறிய கட்டடங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மன்னிப்பு அளித்தார்கள். லட்சக்கணக்கில் மன்னிப்புப் பத்திரங்கள் போயின. 2023 பிப்ரவரி 6-ந் தேதி 7.8 அளவிலும் அன்றைக்கே 7.5 அளவிலும் பூமி இரு முறை அதிர்ந்தது. துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் இறந்தார்கள். சர்க்கார் மன்னிக்கலாம், புவியீர்ப்புக்கு மன்னிக்கத் தெரியாது.

துருக்கியைப் பார்த்து நாம் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். விதி மீறிய கட்டடத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தும் வழக்கம் 1990-களின் கடைசியிலிருந்தே தமிழ்நாட்டிலும் உண்டு. ‘நம் பக்கம் பூகம்பம் ஏது?’ என்பீர்கள். 1900-ம் வருஷம் பிப்ரவரி 8-ந் தேதி கோயம்புத்தூர் நடுங்கியது. அளவு ஏறக்குறைய 6, கில்லாரிக்குச் சமீபம். 2002-ல் சர்க்காரே படத்தைத் திருத்தி, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றியது. அதற்கு முன் எழும்பிய கட்டடங்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததா?

சேராது. பூகம்பமே இல்லாமல் கட்டடம் விழும் ஊர் அல்லவா இது? 2014 ஜூன் 28-ந் தேதி சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து 61 பேரைக் கொன்றது. அன்று பூமி அசையவில்லை, மழைதான் பெய்தது. உடனே இடி விழுந்ததுதான் காரணம் என்று ஒரு விளக்கமும் கிளம்பியது! பூமாதேவியை இழுக்க முடியாத இடத்தில் இந்திரனை இழுத்தார்கள். நான் சொல்லும் வியாதிக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா?

என் நண்பர் ஒருவர் அண்மையில் சென்னைக்கு வெளியே வீடு வாங்கினார். சாமி அறை ஈசான்ய மூலையில் இருக்கிறதா என்று பார்க்க வாஸ்துக்காரரை அழைத்துப் போனார். தரைக்குச் சலவைக்கல்லா, சமையலறை மேடைக்குக் கருங்கல்லா என்று மூன்று மாதம் விசாரித்தார். “அடியில் மண் பரீட்சை செய்தார்களா? தூணில் கம்பியைச் சுற்றிக் கட்டும் வளையங்கள் எவ்வளவு நெருக்கம் என்று கேட்டீர்களா?” என்றேன்.

“அதெல்லாம் நாம கேட்டா நல்லாவா இருக்கும், சார்? அவங்க பெரிய இடம்” என்றார்.

கத்தரிக்காயைக் காம்பைத் திருகிப் பார்த்து வாங்குகிற மனிதர் அவர். ஆயுள் சேமிப்பு முழுவதையும், மனைவி மக்களின் தலைகளையும், ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு ஒப்படைத்துவிட்டார். நாளை ஏதாவது நேர்ந்தால் நாமும் அவருக்காக ‘விதி’ என்போம். எந்த விதி? தலையில் எழுதியதா, கட்டட விதிப் புஸ்தகத்தில் எழுதியதா?

பழியைக் கடல் மேல் போட்டதையும் சொல்லியாக வேண்டும். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் பாறை பிளந்தது. அந்தப் பிளவு ஒரு புள்ளியில் நிற்காமல் அந்தமான் வரைக்கும் சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. அளவு 9.1. கடற்படுகை எழும்பியது, கடல் எழும்பியது. நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் சுமார் 6,000 பேர் போனார்கள். இரண்டு மணி நேரம்! நாகப்பட்டினத்திலிருந்து கும்பகோணம் போய்ச் சேரப் போதுமான நேரம். கரையிலிருந்து ஒரு மைல் உள்ளே நடக்கப் போதாதா? ‘கடல் வாங்குகிறது, ஓடுங்கள்’ என்று சொல்ல ஒரு ஏற்பாடு இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் 2007-ல்தான் வந்தது. கடலம்மா கைவிட்டாள் என்று பாட்டுக் கட்டினோம். கைவிட்டது யார்?

‘துக்கத்தில் இருப்பவனிடம் தெய்வத்தையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறீரா?’ என்று சிலர் கேட்பார்கள். இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், ‘தெய்வமே, உனக்குக் கண் இல்லையா?’ என்று அலறினால், அவள் காலடியில் நானும் உட்கார்ந்து அழுவேன். அவளுக்கு அந்த வார்த்தை வேண்டும். ஆனால் அதே வார்த்தையைக் காண்டிராக்டர் சொல்லக்கூடாது. அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரி சொல்லக்கூடாது. மந்திரி மாலை போடும்போது சொல்லக்கூடாது. அவள் வாயில் அது புலம்பல். இவர்கள் வாயில் அது சாக்கு.

இந்த விஷயத்தில் 1755-ம் வருஷத்து லிஸ்பன் நகரம் நமக்கு வழி காட்டுகிறது. நவம்பர் முதல் தேதி, எல்லாப் புனிதர்களின் திருநாள்; மாதா கோயில்கள் பக்தர்களால் நிரம்பியிருந்த காலை வேளையில் பூகம்பம் வந்து நகரத்தை நொறுக்கியது. மலக்ரீடா என்ற பாதிரியார், ஜனங்களின் பாவமே காரணம், பிராயச்சித்தம் செய்யுங்கள் என்று பிரசங்கித்தார். பொம்பால் என்ற மந்திரி வேறு காரியம் செய்தார். ஊர் ஊராகக் கேள்வித்தாள் அனுப்பினார்: எத்தனை நேரம் ஆடியது? எந்தத் திசையில்? எத்தனை வீடு விழுந்தது? கடல் முதலில் உள்வாங்கியதா? அந்தப் பதில்கள் பூகம்ப விஞ்ஞானத்துக்குப் பிள்ளையார் சுழி ஆயின. நகரத்தைத் திரும்பக் கட்டும்போது சுவருக்குள் மரச்சட்டக் கூண்டு வைத்துக் கட்டச் செய்தார். பொம்பால் உத்தமர் அல்ல, கொடுங்கோலர். 1761-ல் அந்தப் பாதிரியார் மரண தண்டனை பெற்றார். அதை நான் மெச்சவில்லை. பிரசங்கத்துக்குப் பதில் தூக்குக் கயிறு ஆகாது; கேள்வித்தாள்தான் சரியான பதில்.

அந்த ஞானம் நமக்கு அந்நியமும் அல்ல. 1897-க்குப் பிறகு அஸ்ஸாமில் மரச்சட்டமும் நாணல் தட்டியும் வைத்து, மேலே இலேசான கூரை போட்ட வீடுகள் பரவின. காஷ்மீரத்தில் மரச்சட்டத்துக்குள் கல்லை அடைத்துக் கட்டும் பழைய முறை இருக்கிறது. குலுக்கும்போது விறைத்து நிற்காமல் கூடவே அசைந்து கொடுக்கும் வீடுகள் அவை. அடிபட்டவன் யோசித்தால் வழி பிறக்கும். பழியை மேலே தள்ளிவிட்டால் யோசனை நின்றுவிடும்.

ஆகையால் என் சகோதர எழுத்தாளர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இனி எங்காவது பூமி அசைந்து வீடுகள் விழுந்தால், ‘இயற்கை சீறியது’ என்று தலைப்புப் போடாதீர்கள். இன்ன தெருவில் இன்ன இலக்க வீடு விழுந்தது, பக்கத்து வீடு நிற்கிறது, விழுந்ததைக் கட்டியவர் இன்னார், அனுமதி கொடுத்தவர் இன்னார், வளையங்களுக்கு நடுவே இத்தனை அங்குலம் இடைவெளி இருந்தது என்று எழுதுங்கள். நாலு முறை அப்படி எழுதிவிட்டால், ஐந்தாவது கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிறவன் ஒரு வளையம் கூடுதலாகப் போடுவான்.